தெற்குக் கோல் பக்கம் காய்ந்த புல்

மாசானமுத்து முப்பத்தோரு வருஷம் சிறையில் இருந்தவர். தப்பாக நினைக்க வேண்டாம், வெளியே நின்று பூட்டியவர். தலைமை வார்டராக ஓய்வு பெற்றார். அரசாங்கம் அவருக்குத்தான் ஓய்வு கொடுத்தது, அவர் கண்ணுக்குக் கொடுக்கவில்லை. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால்கூட, மண்டபத்துக்கு எத்தனை வாசல், எந்த வாசலில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நோட்டம் விட்ட பிறகுதான் இலையில் கை வைப்பார்.

அப்படிப்பட்டவரைப் பிடித்துக் கால்பந்து மைதானத்துக்கு மேற்பார்வையாளராகப் போட்டார்கள். தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிற ஊர் அது. அந்தச் செம்மணலில் பனையும் முள்ளும்தான் தானாக முளைக்கும். அதில் ஒரு மைதானம் நிறைய அருகம்புல் வளர்த்து வைத்திருக்கிறார்கள் என்றால், ஊருக்குப் பந்தின் மேல் எவ்வளவு கிறுக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புல்லைப் பற்றி மாசானமுத்துவுக்கு ஒன்றும் தெரியாது. "ராக்கினி டீச்சர்கிட்டப் படிச்சுக்கிடுங்க" என்று கமிட்டி சொல்லிவிட்டது.

ராக்கினி வேளாண்மை படித்தவர். ஊருக்கு வெளியே புல் நாற்றங்கால் வைத்திருந்தார். சுற்று வட்டாரத்தில் மூன்று மைதானங்களுக்கு அவர்தான் வைத்தியர். மாசானமுத்துவைவிடப் பத்தொன்பது வயது இளையவர். குரு சீடனை அண்ணாச்சி என்பார், சீடன் குருவை டீச்சர் என்பார். அதில் இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை. கேட்ட கேள்விக்கு ராக்கினி நேராகப் பதில் சொல்வதே அபூர்வம் என்பதுதான் சங்கடம்.

சேர்ந்த முதல் வாரம் மாசானமுத்து கேட்டார்.

"புல்லுக்குத் தாகம்னு எப்படி டீச்சர் தெரியும்?"

ராக்கினி செருப்பைக் கழற்றாமல் மைதானத்துக்குள் இறங்கி, நடுவட்டம் வரை நடந்து, அதே அமைதியோடு திரும்பி வந்தார். மாசானமுத்து பதிலுக்குக் காத்திருந்தார்.

"எங்க டீச்சர் பதிலு?"

ராக்கினி கை காட்டினார். அவர் நடந்துபோன தடம் புல்லில் அப்படியே அழுந்திக் கிடந்தது.

"தண்ணி இருந்தா நிமிந்திரும்" என்றார்.

மாசானமுத்து அசந்துபோனார். ஆனாலும் வீட்டுக்குப் போகும் வழியில், கொஞ்சம் அழுத்தி மிதித்திருப்பாரோ என்று ஒரு நினைப்பு ஓடியது. மறுநாள் தானே நடந்து பார்த்த பிறகுதான் மனம் சமாதானம் ஆயிற்று.

மைதானத்தில் தண்ணீர் விடுகிறவர் பெயர் பலவேசம். பத்தொன்பது வருஷமாக அந்தப் புல்லுக்கு அவர்தான் தண்ணீர். ஒடிசலான ஆள், பேச்சு குறைவு, எப்போதும் ஏதாவது முனகிக்கொண்டே இருப்பார். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்க மாட்டார், ஹோஸ் பைப்பைப் பார்த்துத்தான் பேசுவார். அது கூச்சமாக இருக்கலாம், பழக்கமாகவும் இருக்கலாம். மாசானமுத்துவின் கணக்கில் முகத்தைப் பார்க்காதவன் மறைக்கிறவன். வந்த மாதமே சாமான் அறையில் இருந்த எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டார். வலைக்கு ஒன்று, சுண்ணாம்புக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று. சாவிக்கொத்து இடுப்பில் ஏறியதும்தான் அவருக்கு மறுபடியும் வேலை பார்க்கிற மாதிரி இருந்தது.

சித்திரை பிறப்பதற்கு முன்பே வெயில் கொளுத்தத் தொடங்கியது. தெற்குக் கோலுக்கு முன்னால், பெனால்டி கட்டத்துக்குள் புல் காய்ந்தது. முதலில் தட்டு அளவுக்கு, அப்புறம் சுளகு அளவுக்கு, பத்து நாளில் ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு. சுற்றிலும் பச்சை, நடுவில் மட்டும் வைக்கோல். ஊரின் பெரிய போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"என்ன வே, தெக்குப் பக்கம் தண்ணி போகலியா?"

"விடுதேன் அண்ணாச்சி" என்றார் பலவேசம், பைப்பைப் பார்த்து.

"விட்டா ஏன் காயுது?"

"நின்னு நின்னுதான் விடுதேன்."

இரும்புக்கடை தேவசகாயம்தான் கமிட்டிக்குச் செயலாளர். அவர் வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஆளு சரியில்லன்னா சொல்லுங்க அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. வேற ஆளப் போட்டுருவோம். ஆனா நீங்க எழுதிக் கொடுக்கணும்."

எழுதிக் கொடுப்பது மாசானமுத்துவுக்குப் பிடித்த காரியம்தான். ஆனால் ஆதாரம் வேண்டும். திங்கட்கிழமை காலையில் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு நாற்றங்காலுக்குப் போனார்.

"டீச்சர், ஒருத்தன் பொய் சொல்லுதான்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"முப்பத்தோரு வருஷம் நீங்கதானே அந்த வேலை பாத்தீங்க."

"அங்கன்னா மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன். இங்க நடுவுல புல்லு வந்து நிக்கி."

ராக்கினி கொட்டகைக்குள் போய் ஒரு சாக்கைக் கொண்டுவந்தார். உள்ளே பன்னிரண்டு காலி பால்பவுடர் டின்கள், எல்லாம் ஒரே அளவு.

"காஞ்ச இடத்துல ஆறு வைங்க, பச்சை இடத்துல ஆறு. அரை மணி நேரம் தண்ணி ஓடட்டும். அப்புறம் விரலை விட்டுப் பாருங்க."

வைத்தார். ஸ்பிரிங்ளர் சுற்றியது, அரை மணி ஓடியது. ஒவ்வொரு டின்னாக விரலை விட்டார். பச்சைப் பக்கம் ஆறு டின்னிலும் இரண்டு விரற்கடை. காய்ந்த பக்கம் ஆறு டின்னிலும் அதே இரண்டு விரற்கடை, ஒன்றில் சற்று அதிகம்கூட இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். மாசானமுத்துவுக்கு அந்த அதிகம்தான் உறுத்தியது. பலவேசம் டின்னைப் பார்த்திருக்கிறான். எதற்கு வைத்தது என்று புரிந்துகொண்டிருக்கிறான். நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் ஊற்றி நிரப்பியிருக்கிறான். இல்லாவிட்டால் அத்தனை டின்னிலும் எப்படிச் சரியாக இருக்கும்?

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வந்து, கேலரிக்குப் பின்னால் கட்டியிருந்த பிளெக்ஸ் பேனருக்குப் பின்னே உட்கார்ந்துகொண்டார். ஒரு ஓட்டை வழியாக மைதானம் நன்றாகத் தெரிந்தது. பலவேசம் வந்தார். நேராகத் தெற்குப் பக்கம் போனார். காய்ந்த இடத்தில் பைப்பைப் பிடித்துக்கொண்டு முனகியபடி நின்றார். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று, நகரவில்லை. முக்கால் மணிக்குப் பிறகு திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தார்.

"அண்ணாச்சி, அங்க கொசு கடிக்கும். இங்க வந்து உக்காருங்க."

மாசானமுத்துவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் எழுந்து வேட்டியைத் தட்டும்போதே புதுச் சந்தேகம் ரெடி. நான் இருப்பது தெரிந்துதானே அவ்வளவு நேரம் நின்றிருக்கிறான்? அப்படியானால் நான் பார்த்தது வேலை இல்லை, நாடகம்.

பலவேசம் அந்தப் பக்கம் போனதும் காய்ந்த இடத்தில் மண்டியிட்டார். உப்பைக் கொட்டினால் புல் சாகும் என்று கேள்விப்பட்டிருந்தார். ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தார். கரிக்கவில்லை. மண்ணெண்ணெயாக இருக்குமோ என்று மூக்கைத் தரையில் வைத்து மோந்தார். வெறும் மண் வாசம்தான். தலைமை வார்டராக இருந்தவர் நடு மைதானத்தில் குப்புறக் கிடந்து தரையை மோப்பம் பிடித்ததை நல்லவேளையாக யாரும் பார்க்கவில்லை.

புதன்கிழமை ராக்கினியிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

"உப்பு இல்ல. மண்ணெண்ணெய் இல்ல. டின்னுலயும் சரியா இருக்கு. கண்ணு முன்னாலயும் விடுதான். ஆனாலும் டீச்சர்..."

"ஆனாலும்?"

"மூஞ்சியப் பாக்க மாட்டேங்கான்."

ராக்கினி கையில் இருந்த புல் கற்றையைக் கீழே வைத்தார். "என்னத்தக் கண்டா நம்புவீங்க அண்ணாச்சி?"

மாசானமுத்து யோசித்தார். சரியான கேள்விதான். வண்டியில் வரும்போதும் யோசித்துக்கொண்டே வந்தார், பதில் தோன்றவில்லை. பதில் தோன்றாத எரிச்சலில் நேராக இரும்புக்கடைக்குப் போய், ஒரு தாள் வாங்கி, நின்ற வாக்கில் எழுதினார். 'மேற்படி பலவேசம் தெற்குப் பகுதிக்குத் தண்ணீர் விடாமல் விட்டதாக ஏமாற்றி வருகிறார்.' கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, தேவசகாயத்தின் கையில் கொடுத்த பிறகுதான் மத்தியானச் சாப்பாடு உள்ளே இறங்கியது.

வியாழக்கிழமை ராக்கினியே மைதானத்துக்கு வந்தார். கையில் முழ நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய். பலவேசம் அப்போதுதான் தெற்குப் பக்கம் ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டு முடித்துப் பைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ராக்கினி குழாயைப் பச்சைப் புல்லில் குத்தி இறக்கி, திருகி எடுத்தார். உள்ளே மண் ஒரு கட்டையாக வந்தது. அதைப் பழைய பேப்பரின் மேல் படுக்க வைத்தார். அப்புறம் காய்ந்த இடத்திலும் அதே மாதிரி எடுத்து, பக்கத்தில் வைத்தார். பச்சைப் பக்கத்து மண் அடி வரை கறுத்து ஈரமாக இருந்தது. காய்ந்த பக்கத்து மண் மேலே நகக்கண் அளவுக்குத்தான் நனைந்திருந்தது. அதற்குக் கீழே தூசி.

"ஒரு மணி நேரம் விட்ட தண்ணி" என்றார் மாசானமுத்து. சொல்லும்போதே பலவேசத்தை ஒரு பார்வை பார்த்தார்.

ராக்கினி பையிலிருந்து கண்ணுக்கு மருந்து விடுகிற சின்னக் குப்பியை எடுத்தார். அதில் தண்ணீர் இருந்தது. பச்சைப் பக்கத்து மண்ணில் ஒரு சொட்டு விட்டார்.

"எண்ணுங்க அண்ணாச்சி."

"ஒண்ணு" என்றார் மாசானமுத்து. இரண்டு சொல்வதற்குள் சொட்டைக் காணோம்.

காய்ந்த பக்கத்து மண்ணில் ஒரு சொட்டு விட்டார்.

"எண்ணுங்க."

மாசானமுத்து எண்ணினார். பத்து, இருபது, ஐம்பது. சேம்பு இலையில் நிற்கிற மாதிரி சொட்டு உருண்டையாக மண்ணின் மேல் உட்கார்ந்திருந்தது. நூறு, இருநூறு. ராக்கினி அசையவில்லை, பலவேசமும் அசையவில்லை. இருநூற்று எழுபதில் மாசானமுத்துவுக்கு வாய் வறண்டுபோயிற்று. ராக்கினி பேப்பரை லேசாகச் சாய்த்தார். சொட்டு உருண்டு, தூசியைப் பூசிக்கொண்டு, கீழே விழுந்தது. அது இருந்த இடத்தில் ஈரத்தின் அடையாளம்கூட இல்லை.

"யாரு என்னத்த ஊத்துனா இதுல?"

"யாரும் ஊத்தல. வேரு மக்கி மக்கி, மெழுகு மாதிரி ஒண்ணு மணல் மேல படியும். ஒவ்வொரு மணலுக்கும் சட்டை போட்ட மாதிரி. அப்புறம் எவ்வளவு தண்ணி விட்டாலும் உள்ள போகாது. பக்கத்துல வழிஞ்சிரும்."

மாசானமுத்து பார்த்தார். காய்ந்த இடத்தைச் சுற்றி ஓர் அடி அகலத்துக்குப் புல் மற்ற எல்லா இடத்தையும்விட அடர்த்தியாக, கரும்பச்சையாக நின்றது. இத்தனை நாள் அதுவும் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

"இதுக்கு மருந்து இல்லியா டீச்சர்?"

ராக்கினி புரியாமல் நிமிர்ந்தார். "மருந்து போய்க்கிட்டுதானே இருக்கு? நனைப்பு மருந்து. மாசம் ஒரு தடவை. மண்ணு தண்ணிய ஏத்துக்கிடுறதுக்குத்தான் அது."

பலவேசம் சுருட்டிய பைப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மாசானமுத்துவின் கை இடுப்பிலிருந்த சாவிக்கொத்துக்குப் போயிற்று.

"வெள்ளைக் கேனா?"

"வெள்ளைக் கேன்தான்."

தை மாதம் ஒரு காலை, வெள்ளைக் கேனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாளியில் பலவேசம் எதையோ கலக்கிக்கொண்டிருந்ததை மாசானமுத்து பார்த்திருந்தார். வாளி விளிம்பு வரை நுரை பொங்கியது. மாசானமுத்துவுக்கு உடனே விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தார். நல்ல மருந்தை எங்கேயோ தள்ளிவிட்டு, சோப்புத் தூளைக் கரைத்து மைதானத்தில் ஊற்றுகிறான். கையும் களவுமாகப் பிடிக்க நேரம் வரட்டும் என்று வாயைத் திறக்காமல், கேனை அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஒரு கேனைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு அவருக்கு ஒரு திருப்தி.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல வே?" என்றார். குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

"ரெண்டு தடவ சொன்னேன் அண்ணாச்சி" என்றார் பலவேசம்.

சொல்லியிருந்தார். மாசியில் ஒரு தடவை, பங்குனியில் ஒரு தடவை. 'அண்ணாச்சி, அந்த மருந்து போட்டாத்தான் தெக்குப் பக்கம் தண்ணி இறங்கும்.' இரண்டு தடவையும் மாசானமுத்து 'பாப்போம்' என்று சொல்லிவிட்டு, கேன் மேல் இவனுக்கு இவ்வளவு கரிசனமா என்று பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். சொன்னது காதில் விழுந்தது உண்மை. அதற்கு மேல் போகவில்லை.

மாசானமுத்துவுக்கு அவமானமாக இருந்தது. எத்தனையோ பேரைத் தலைகுனிந்து நிற்க வைத்தவர். தன் தலை குனியும்போது கழுத்து எப்படி வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார்.

"நானும் கேக்காம விட்டுட்டேன்" என்றார் ராக்கினி. "போய்க்கிட்டிருக்குன்னு நானா நினைச்சுக்கிட்டேன். கேனை எடுத்துட்டு வாங்க."

கேன் வந்தது. மாசானமுத்து மூடியைத் திருகினார். "அப்படியே கவுத்திரட்டுமா டீச்சர்? ரெண்டு மாசப் பாக்கி இருக்குல்லா."

"கவுத்தா புல்லு வெந்திரும். அளந்து போடுங்க."

அளந்தார்கள். இரும்புக் கவையால் காய்ந்த இடம் முழுக்கக் குத்தித் துளை போட்டார்கள். வாளியில் கலக்கியபோது நுரை பொங்கியது, தை மாதம் பொங்கிய அதே நுரை. மாசானமுத்து அதை நெடுநேரம் பார்த்தார். மருந்தைத் தெளித்து முடித்த கையோடு தண்ணீர் விடச் சொன்னார் ராக்கினி. இலையில் தங்கினால் கருகிவிடும், வேருக்குப் போய்ச் சேர வேண்டும். பலவேசம் தண்ணீர் விட்டார். பத்து நாள் கழித்து இன்னொரு முறை போடவேண்டும் என்றார் ராக்கினி.

அந்தக் கடிதம் மட்டும் இரும்புக்கடையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடியது. மாசானமுத்து எழுந்து நின்று, தப்பு என்னுடையது, மருந்தைப் பூட்டி வைத்தது நான், பலவேசம் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னார். சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்திருந்தார்.

தேவசகாயம் கடிதத்தை மேஜையில் விரித்தார்.

"முந்தாநாள் உங்க கையால எழுதினது இது. இன்னைக்கு வந்து வேற மாதிரி சொல்லுதிய. இடையில என்ன நடந்துச்சு?"

"மண்ண எடுத்துப் பாத்தோம்."

"மண்ணு வந்து சாட்சி சொல்லிச்சோ?"

நாலு பேர் சிரித்தார்கள். "கால்ல விழுந்திருப்பான்" என்றது ஒரு குரல். "அண்ணாச்சிக்கு இளகின மனசு" என்றது இன்னொன்று. முப்பத்தோரு வருஷத்தில் அவரை அப்படிச் சொன்னவர் யாருமில்லை. வேண்டாத நேரத்தில் அந்தப் பெயரும் கிடைத்தது.

மாசானமுத்து சொட்டுத் தண்ணீர் நின்ற கதையைச் சொன்னார். நுரையைச் சொன்னார். டின்களைச் சொன்னார். பேனருக்குப் பின்னால் உட்கார்ந்ததையும் மண்ணை நக்கியதையும்கூட வெட்கத்தை விட்டுச் சொன்னார். சொல்லச் சொல்ல தேவசகாயத்தின் கண் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒருவன் இவ்வளவு மெனக்கெட்டு இன்னொருவனைக் காப்பாற்றுகிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று அந்தக் கண் சொன்னது. அந்தப் பார்வை மாசானமுத்துவுக்கு ரொம்பப் பழக்கம். தினமும் காலையில் சவரம் பண்ணும்போது கண்ணாடியில் பார்க்கிற பார்வைதான்.

"ரெண்டு வாரம் குடுங்க" என்றார் கடைசியில். "புல்லு வராட்டி நாங்க ரெண்டு பேரும் போயிருதோம்."

"ரெண்டு பேருமா? அப்பக் கூட்டுத்தான்" என்று மூலையிலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். இருந்தாலும் ரெண்டு வாரம் கொடுத்தார்கள். போட்டிக்கு முன்னால் புது ஆளுக்கு எங்கே போவது என்பதுதான் காரணம்.

மறுநாளிலிருந்து மாசானமுத்துவுக்குத் தூக்கம் போயிற்று. பலவேசத்தின் வேலை இப்போது ஆள் படுக்கிற அளவு மண்ணின் மேல் நின்றது. மருந்து பழசாகிக் கெட்டுப் போயிருக்குமோ? கேனில் போட்டிருக்கிற தேதியை நம்பலாமா? உள்ளே இறங்கியதா, வழிந்துவிட்டதா? ராக்கினி விட்டுவிட்டுப் போன குழாயை எடுத்துக் குத்திப் பார்த்தார். ஈரமாக இருக்கிற மாதிரி இருந்தது. நிச்சயமாகத் தெரியாததால் பக்கத்தில் இன்னொரு குத்து.

நாலாம் நாள் ராக்கினி வந்தபோது காய்ந்த இடத்தில் பதினோரு குழிகள் இருந்தன. பலவேசம் ஒன்றும் சொல்லாமல் அவற்றை மணலால் மூடிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"தண்ணி இறங்குதான்னு பாக்கேன் டீச்சர்."

"வேரு இறங்க இடம் விடுங்க" என்று சொல்லி, குழாயை வாங்கித் தன் வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. பலவேசம் தண்ணீர் விட்டார், மாசானமுத்து கேலரியில் உட்கார்ந்து பார்த்தார். ஒளிந்துகொள்ளாமல் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பத்தொன்பது வருஷப் பழக்கம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு இடத்தில் தண்ணீர் தேங்கத் தொடங்கினால், தேங்குவதற்கு முன்பே பலவேசத்தின் மணிக்கட்டு திரும்பிவிடும். வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார். மேடு, பள்ளம் பார்த்து நடப்பார். இந்த மனிதரைப் போய் ஏமாற்றுகிறார் என்று எழுதினோமே என்று மாசானமுத்து தன்னையே நொந்துகொண்டார்.

ஒன்பதாம் நாள் வைக்கோலுக்கு நடுவே ஊசி ஊசியாகப் பச்சை தெரிந்தது. மாசானமுத்து முதலில் கண்ணைச் சந்தேகப்பட்டார். குனிந்து தொட்டுப் பார்த்தார், பச்சைதான். பத்தாம் நாள் இரண்டாவது தடவை மருந்து போட்டார்கள். பதினான்காம் நாள் ராக்கினி ஒரே ஒரு கட்டை மண் எடுத்து, ஒரு சொட்டு விட்டார். மாசானமுத்து நாலு எண்ணுவதற்குள் மண் அதைக் குடித்துவிட்டது.

தேவசகாயம் வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். "சரி, பலவேசமே வேலையில இருக்கட்டும்" என்றார். பிறகு மாசானமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்கும் ஒரு கண்ணு வச்சுக்கிடுங்க" என்றார்.

"வேண்டாம்" என்றார் மாசானமுத்து.

"என்னது?"

"கண்ணு வச்சதுலதான் புல்லு காஞ்சிச்சு."

தேவசகாயம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

போட்டி நடந்தது. தெற்குக் கோல் பக்கம் இருபத்திரண்டு பேரும் விழுந்து புரண்டார்கள், புல் தாங்கியது. கூட்டம் கலைந்து, மைதானம் காலியான மறுநாள் காலையில் மாசானமுத்து பலவேசத்திடம் போனார். பேச வேண்டியதை வீட்டில் ரெண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார். 'வே' என்று சேர்க்க வாய் வரவில்லை. "மன்னிச்சிருங்க."

பலவேசம் பைப்பைப் பார்த்தார். "அதெல்லாம் அன்னைக்கே மன்னிச்சாச்சு அண்ணாச்சி. விடுங்க."

மாசானமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள்கூட இன்னொருவர் கைக்கு அவர் சாவியைக் கொடுத்ததில்லை. இப்போது நீட்டினார்.

"இனிமே எல்லாம் உங்க பொறுப்பு. மருந்து, அலமாரி, எல்லாம்."

பலவேசம் இரண்டு கையாலும் பைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி."

"ஏன்?"

"நாளைக்கு ஒரு சாமான் காணலன்னா நான் எங்க போயி நிக்க?"

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, முனகிக்கொண்டே வடக்குப் பக்கம் போய்விட்டார். மாசானமுத்து நீட்டிய கையோடு நின்றார்.

அன்று மத்தியானம் அவர் நாற்றங்காலில் இருந்தார். ராக்கினி நடவுக்கான புல் கரணைகளை வெட்டிச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். மாசானமுத்து எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்தும் மனம் ஆறவில்லை.

"மன்னிச்சாச்சுங்காரு டீச்சர். சாவியக் குடுத்தா வாங்க மாட்டேங்காரு."

ராக்கினி வெட்டிக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சது நிசம்னா வாங்கியிருக்கணும். வாங்கலன்னா மன்னிக்கல. ரெண்டுல ஒண்ணு பொய்யாத்தானே இருக்கணும்?"

ராக்கினி ஒரு கரணையை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"நான் அதைக் கண்டுபிடிக்காம விடக்கூடாது டீச்சர். ராத்திரியெல்லாம் அரிச்சிட்டே இருக்கும். ரெண்டுல எதை நான் நம்ப?"

ராக்கினி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"ரெண்டையும் நம்புங்க அண்ணாச்சி."